கேள்வி–பதில்: ஜாய் டிவிஷனின் பேஸ் கிடார் ஏன் மேலேயே ஒலிக்கிறது?

ஜாய் டிவிஷன் எத்தனை வருடம் இயங்கியது? இரண்டே ஆல்பம் என்பது உண்மையா?

இந்த இங்கிலாந்து ராக் குழு அந்தப் பெயரில் இயங்கியது இரண்டரை வருடம்கூட இல்லை. 1976 ஜூன் 4 அன்று மான்செஸ்டரில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவின் கச்சேரியைப் பார்த்தார்கள், பின்னாளில் இந்தக் குழுவின் கிடார்காரரான பெர்னார்ட் சம்னரும் பேஸ் வாசித்த பீட்டர் ஹுக்கும். மறுநாளே ஹுக் அம்மாவிடம் 35 பவுண்டு வாங்கி ஒரு பேஸ் கிடாரை எடுத்துவிட்டார். 1977 மே மாதம் ‘வார்ஸா’ என்ற பெயரில் மேடை ஏறினார்கள். லண்டனில் ‘வார்ஸா பாக்ட்’ என்று ஒரு குழு இருந்ததால் பெயரை மாற்றி, 1978 ஜனவரி 25 அன்று ஜாய் டிவிஷனாக வாசித்தார்கள். 1980 மே 18 அன்று, அமெரிக்கப் பயணம் தொடங்கவிருந்த தறுவாயில், பாடகர் இயன் கர்ட்டிஸ் இறந்துபோனார். வயது 23. மற்ற மூவரும் (சம்னர், ஹுக், டிரம்ஸ் வாசித்த ஸ்டீஃபன் மாரிஸ்) ‘நியூ ஆர்டர்’ என்ற குழு ஆனார்கள்.

ஆல்பம் இரண்டுதான்: ‘அன்னோன் பிளஷர்ஸ்’ (ஜூன் 1979), ‘க்ளோசர்’ (ஜூலை 1980). இரண்டாவது, அவர் போன பிறகு வந்தது.

பேஸ் கிடார் அடியில் நிற்காமல் மெட்டையே வாசிக்கிறதே, எப்படி?

ஹுக்கின் ஆம்ப்ளிஃபையர் மட்டமானது. சம்னரின் கிடார் சத்தத்தில் அடித்தந்தி ஒலி அமுங்கிவிடும். மேலே, உயர்ந்த சுரங்களுக்குப் போய் வாசித்தால் தன் காதுக்காவது கேட்கிறதே என்று போனார். அது கர்ட்டிஸுக்குப் பிடித்துவிட, அதுவே பாணியாயிற்று. கணக்கு எளிது: பேஸின் மிகத் தாழ்ந்த தந்தியான ஈ, விரல் வைக்காமல் மீட்டினால் 41 ஹெர்ட்ஸில் அதிரும்; மிக உயர்ந்த தந்தியான ஜியில் 12ஆம் ஃபிரெட் (கழுத்தில் உள்ள கம்பிக் கட்டை) 196 ஹெர்ட்ஸ். சின்ன ஸ்பீக்கருக்கு முதலாவது சுமை, இரண்டாவது சுலபம்.

பழக, டி தந்தியை விரல் வைக்காமல் திறந்தபடி ஒலிக்கவிட்டு, ஜி தந்தியில் 7 முதல் 14ஆம் ஃபிரெட் வரை மெட்டை நகர்த்துங்கள். பிக்கால் (தந்தியை மீட்டும் சின்னத் தகடு) அடியுங்கள்; விரலால் மீட்டினால் முனை மழுங்கும். பலர் தவறுவது ஒன்றில்தான்: கிடார்காரரும் அதே உயரத்தில் நிறைய கார்டு (பல சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில்) வாசிப்பார். அப்போது இரண்டும் குழம்பிப்போகும். சம்னர் இடைவெளி விட்டு வாசித்ததால்தான் பேஸுக்கு இடம் கிடைத்தது.

‘அன்னோன் பிளஷர்ஸ்’ டிரம்ஸ் காலிக் கட்டடத்தில் அடித்ததுபோல் இருக்கிறது. வீட்டில் அப்படிப் பதிவு செய்ய முடியுமா?

ஓரளவு முடியும். 1979 ஏப்ரலில் ஸ்டாக்போர்ட்டின் ஸ்ட்ராபெரி ஸ்டூடியோவில் தயாரிப்பாளர் மார்ட்டின் ஹேனட், ஸ்டீஃபன் மாரிஸின் டிரம்ஸைத் துண்டு துண்டாகப் பதிவு செய்தார். ஸ்னேர் (கூர்மையாக ஒலிக்கும் சிறிய டிரம்) மைக்கில் ஹை-ஹாட் (ஜோடித் தாளத்தட்டு) சத்தம் கசியக்கூடாது என்பது அவர் பிடிவாதம். கசிவு இருந்தால், ஸ்னேருக்குப் போடும் எஃபெக்ட் ஹை-ஹாட்டையும் சேர்த்து இழுத்துப்போகும்.

முதலில் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), பிறகு ஸ்னேர், கடைசியில் ஹை-ஹாட் என்று, காதில் தாளம் தட்டும் கிளிக் டிராக் வைத்து எடுங்கள். ஹை-ஹாட் இல்லாமல் ஸ்னேர் வாசித்தால் கை தடுமாறும். அந்த இடத்தில் ஒரு தலையணையை வைத்து அதைத் தட்டிக்கொண்டே வாசியுங்கள். பிறகு ஸ்னேருக்கு மட்டும் 30 மில்லி செகண்ட் டிலே (ஒலியைச் சற்றுத் தாமதித்துத் திருப்பித் தருவது), ஃபீட்பேக் (அது மீண்டும் மீண்டும் வருவது) பூஜ்யம், அசல் ஒலியைவிடக் கம்மியான அளவில். 50 மில்லி செகண்டைத் தாண்டினால் தனி எதிரொலியாகக் காது பிரித்துவிடும். ஹேனட் கையில் இருந்தது ஏ.எம்.எஸ். டிஜிட்டல் டிலே, இன்று கணினிப் பதிவு மென்பொருளில் சேர்க்கும் ஓர் இலவச பிளகின் போதும். ரிவெர்பை (அறை முழக்கம்) மட்டும் தாராளமாகக் கொட்டாதீர்கள். அந்த ஆல்பத்தில் ஒலிகளுக்கு நடுவே உள்ள வெறுமைதான் விஷயம், எதிரொலியின் நீளம் அல்ல.

‘ஷீஸ் லாஸ்ட் கன்ட்ரோல்’ பாட்டின் ‘ஷ்ஷ்’ சத்தம் ஏரோசால் ஸ்ப்ரேயை அடித்து எடுத்தது. அடைத்த அறையில் அதைச் செய்த மாரிஸுக்கு மூச்சு முட்டியது; அந்தப் பகுதியை மட்டும் நகலெடுக்க வேண்டாம்! மேடையில் இருந்த முரட்டுத்தனத்தை ஹேனட் உறிஞ்சிவிட்டார் என்று சம்னருக்கும் ஹுக்குக்கும் வருத்தம். எங்கள் கட்சி ஹேனட் கட்சி.

‘அன்னோன் பிளஷர்ஸ்’ அட்டையிலும் டி-ஷர்ட்டிலும் வரும் அந்த அலைக்கோடுகள் இதயத்துடிப்பா?

இல்லை. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்ட பல்சாரான (சீராக ரேடியோ துடிப்பு அனுப்பும் விண்மீன்) சிபி 1919இன் ரேடியோ துடிப்புகள். 1.337 விநாடிக்கு ஒரு துடிப்பு. அடுத்தடுத்த 80 துடிப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்தது. ஆக, அட்டையில் இருப்பது இரண்டு நிமிடத்துக்கும் குறைந்த வானம். அசலில் வெள்ளையில் கறுப்புக் கோடு. அட்டையை வடிவமைத்த பீட்டர் சாவில் கறுப்பில் வெள்ளையாகத் திருப்பிப் போட்டார்.

முதல் ஈ.பி.யின் (சில பாட்டுகள் மட்டும் உள்ள சிறு வெளியீடு) 7 அங்குல இசைத்தட்டு வாங்கலாமா?

கேட்பதற்கென்றால் வேண்டாம். 1978இல் குழுவே வெளியிட்ட ‘ஆன் ஐடியல் ஃபார் லிவிங்’ அது. சிறிய தட்டில் பக்கத்துக்கு ஆறு நிமிடத்துக்கு மேல் திணித்தார்கள். அடி ஒலிக்கு அகலமான பள்ளம் வேண்டும். இடமில்லாவிட்டால் ஒலியளவைக் குறைத்துத்தான் வெட்ட வேண்டும். பலன், சவசவ என்ற சத்தம். அதே ஆண்டே 12 அங்குலத்தில் மறுபடி போட்டார்கள். பழைய தட்டுக்குப் போலிகளும் உண்டு. 1988இல் வந்த ‘சப்ஸ்டன்ஸ்’ தொகுப்பின் சி.டி.யில் அந்த ஈ.பி.யின் நான்கு பாட்டும் இருக்கின்றன, எல்.பி. இசைத்தட்டில் நான்கும் கிடையாது, சில மட்டுமே, பார்த்து வாங்குங்கள்.