மோட்டாரை மாற்றாமல், கண்ட்ரோலரையும் பேட்டரியையும் மட்டும் மாற்றி எலக்ட்ரிக் சைக்கிளின் பவரைக் கூட்ட முடியுமா?

கேட்டவரிடம் இருப்பது 36 வோல்ட், 250 வாட் கியர் ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுவிலேயே, உள்ளே கியரோடு இருக்கும் வகை), 15 ஆம்ப் கண்ட்ரோலர் (பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் பெட்டி). ஏற்றத்தில் திணறுகிறதாம், வேகமும் போதவில்லையாம்.

முடியும். நானும் ஏறக்குறைய இதே மாதிரி சைக்கிளில் இதைச் செய்தேன், ஆனால் தலைகீழாகச் செய்தேன். முதலில் கண்ட்ரோலரை வாங்கி மாட்டிவிட்டு, பேட்டரியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். நீங்கள் பேட்டரியில் இருந்து ஆரம்பியுங்கள். கண்ட்ரோலர் வெறும் குழாய்தான், தொட்டியில் தண்ணீர் இல்லாமல் பெரிய குழாய் வைத்து என்ன பயன்?

கணக்கு எளிது. வோல்ட்டை ஆம்பால் பெருக்கினால் வாட். 36 வோல்ட், 15 ஆம்ப் என்றால் 540 வாட். அதாவது மோட்டாரில் 250 என்று போட்டிருந்தாலும் முழு த்ராட்டிலில் ஏற்றம் ஏறும்போது உங்கள் சைக்கிள் இப்போதே அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இழுத்துக்கொண்டிருக்கிறது. அந்த 250 என்பது தொடர்ந்து எவ்வளவு நேரம் ஓட்டினாலும் சூட்டில் கெடாது என்று சொல்கிற அளவு. கொஞ்ச நேரத்துக்கு அதைவிட அதிகம் கொடுக்கலாம், எவ்வளவு நேரம் என்பதுதான் கேள்வி.

உங்களுக்கு வேண்டியது வேகமா, ஏற்றத்தில் இழுவையா என்று முதலில் முடிவு செய்யுங்கள். இரண்டும் ஒன்றில்லை. வோல்ட் கூடினால் மோட்டார் வேகமாகச் சுற்றும்: சமதரையில் 25 கிலோமீட்டர் வேகம் போகிற சைக்கிள் 48 வோல்ட்டில் 33 வரை போகப் பார்க்கும் (காற்று எதிர்ப்பு கொஞ்சம் பிடித்து இழுக்கும், அதனால் முழுசாக வராது). ஆம்ப் கூடினால் இழுவை கூடும், நின்ற இடத்திலிருந்து கிளம்புவதும் ஏற்றமும் மாறும், உச்ச வேகம் பெரிதாக மாறாது.

என் கதைக்கு வருகிறேன். 36, 48 இரண்டு வோல்ட்டிலும் ஓடுகிற 25 ஆம்ப் கண்ட்ரோலர் ஒன்றை வாங்கி பழைய 36 வோல்ட் பேட்டரியில் மாட்டினேன். தெருவில் இரண்டு சுற்று, ஆகா என்றிருந்தது. முதல் பெரிய ஏற்றத்தில் பாதியில் எல்லாம் அணைந்துவிட்டது, டிஸ்பிளே உட்பட. செல்களைக் காக்க பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ் போர்டு ஆம்ப் எல்லை மீறியதும் இணைப்பைத் துண்டித்துவிட்டது, அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. என் பேட்டரியில் இருந்த போர்டு சார்ஜரில் சொருகினால்தான் மறுபடி உயிர் பெறும் வகை. வீடு வரை தள்ளிக்கொண்டே வந்தேன்.

அப்புறம் உட்கார்ந்து யோசித்ததில்தான் புரிந்தது. அந்த பேட்டரி 10 வரிசை, ஒவ்வொன்றிலும் 3 செல் இணையாக. செல்லுக்கு 5 ஆம்ப் வசதியாகத் தரும் என்று வைத்தாலும் மொத்தம் 15தான். பேட்டரியின் உள் மின்தடை 0.1 ஓம் என்று வையுங்கள்: 15 ஆம்பில் 1.5 வோல்ட் சரியும், 22 வாட் பேட்டரிக்குள்ளேயே சூடாகப் போகும். 25 ஆம்பில் சரிவு 2.5 வோல்ட், சூடு 62 வாட். ஆம்ப் ஒன்றரை மடங்கு சொச்சம்தான் ஏறியது, சூடு கிட்டத்தட்ட மூன்று மடங்கு. சூடு ஆம்பின் வர்க்கத்தில் ஏறும் என்பதை மட்டும் மறக்காதீர்கள், இந்த விஷயத்தில் எல்லா இடத்திலும் அதுதான் வந்து நிற்கும்.

இந்த இடத்தில் இரண்டு குறுக்கு வழிகள் கண்ணில் படும். ஒன்று, பிஎம்எஸ்ஸைத் தாண்டி நேராக வயர் எடுப்பது. அதைச் செய்யவே செய்யாதீர்கள், லித்தியம் செல் தீப்பிடித்தால் அணைப்பது மகா கஷ்டம். இன்னொன்று, கண்ட்ரோலருக்குள் ஆம்பை அளக்க இருக்கும் ஷண்ட் கம்பியில் ஈயம் பூசி, அதை ஏமாற்றி அதிக ஆம்ப் விட வைப்பது. வேலை செய்யும், ஆனால் எத்தனை ஆம்ப் போகிறது என்று கண்ட்ரோலருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. கண்ட்ரோலருக்குள் மின்சாரத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் வெடித்த பிறகு தெரியும்.

பேட்டரி வாங்கும்போது ஆம்பியர்-அவரை (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்பதை) மட்டும் பார்க்காமல், தொடர்ந்து எத்தனை ஆம்ப் தரும் என்று கேளுங்கள். இணையாக இருக்கும் செல்கள் சேர்ந்து தரும் ஆம்பும் பிஎம்எஸ்ஸின் ஆம்பும் இரண்டும் கண்ட்ரோலரின் ஆம்பைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். ஒரே அளவுள்ள 18650 செல்லிலேயே ரகம் உண்டு: சாம்சங் 35ஈ 3500 மில்லியாம்ப்-அவர் பிடிக்கும், தொடர்ந்து 8 ஆம்ப்தான் தரும், 30க்யூ 3000தான் பிடிக்கும், 15 ஆம்ப் தரும். பவர் வேண்டுமென்றால் இரண்டாவது ரகம். நான் 13 வரிசை, ஒவ்வொன்றிலும் 4 செல் இணையாக என்று 30க்யூ செல்லில் 48 வோல்ட் பேட்டரி எடுத்தேன்.

48க்கு மாறினால் இதையும் கவனியுங்கள். 48 வோல்ட் என்பது பெயருக்குத்தான், முழு சார்ஜில் 54.6 இருக்கும். 36 வோல்ட்டுக்கு மட்டுமே செய்த கண்ட்ரோலர்கள் பலவற்றில் கெப்பாசிட்டர் 50 வோல்ட் தாங்குவதாகத்தான் இருக்கும், அதில் புது பேட்டரியைச் சொருகினால் கதை முடிந்தது. சார்ஜரும் மாற வேண்டும், பழையது 42 வோல்ட். இரண்டு சார்ஜரும் வீட்டில் இருந்தால் பெரிதாக எழுதி ஒட்டுங்கள், பழைய பேட்டரியில் புது சார்ஜரை மாட்டுவது விளையாட்டில்லை.

கண்ட்ரோலரில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சைன் வேவ் வகை வாங்குங்கள், சத்தம் குறைவு. டிஸ்பிளேயும் கண்ட்ரோலரும் ஒரே மொழி பேச வேண்டும், இல்லாவிட்டால் டிஸ்பிளேயும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும். மோட்டாருக்கு மின்சாரம் கொண்டுபோகும் ஃபேஸ் வயர் மூன்று, மோட்டார் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் ஹால் சென்சார் வயர் ஐந்து. நிறம் ஒத்துப்போகிறது என்பதற்காக சரியாக இருக்கும் என்று நம்பாதீர்கள். தப்பாக மாட்டினால் மோட்டார் உறுமும், நடுங்கும், சுமையே இல்லாமல் ஆம்ப் தின்னும். சரியான இணைப்பைத் தானே கண்டுபிடிக்கும் செல்ஃப் லேர்னிங் வயர் இருக்கிற கண்ட்ரோலர் என்றால் இந்தத் தலைவலி இல்லை.

இப்போது மோட்டார். அதை மாற்றவில்லை என்பதால் அது தப்பித்தது என்று அர்த்தமில்லை. கியர் ஹப்பில் சுருள் உள்ளே இருக்கிறது, சுற்றிலும் காற்று இடைவெளி, சூடு வெளி ஓடு வரை வர நேரமாகும். நான் ஏற்றம் ஏறி முடித்து ஹப்பைத் தொட்டுப் பார்த்து, வெதுவெதுப்பாகத்தானே இருக்கிறது என்று திருப்திப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மாதத்தில் உள்ளே நைலான் கியர் பல் தேய்ந்து கரகரவென்று சத்தம் வந்தது, திறந்தால் கிரீஸ் கருகிப் போயிருந்தது. கியர் தொகுதி தனியாகக் கிடைத்ததால் பிழைத்தேன். அப்போதுதான் சுருளோடு ஒட்டி சூட்டை அளக்க ஒரு தெர்மிஸ்டரும் வைத்தேன், இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். வாங்குவதற்கு முன்னால் கிரின் டெக்னாலஜீஸ் இணையத்தில் வைத்திருக்கும் மோட்டார் சிமுலேட்டரில் உங்கள் எடை, ஏற்றத்தின் சரிவு, ஆம்ப் எல்லாம் போட்டுப் பாருங்கள், எத்தனை நிமிடத்தில் சூடேறும் என்றே காட்டும்.

டார்க் ஆர்ம் (மோட்டார் அச்சு சுற்றாமல் ஃபிரேமோடு பிடித்துவைக்கும் இரும்புத் துண்டு) போடாமல் ஆம்பை ஏற்றாதீர்கள். மோட்டார் சக்கரத்தை முன்னால் தள்ளும்போது அச்சு அதே விசையில் பின்பக்கமாகத் திரும்பப் பார்க்கும். அது நழுவிச் சுற்றினால் ஃபேஸ் வயர் முறுக்கி அறுந்துவிடும், முன்சக்கர மோட்டார் என்றால் சக்கரமே கழன்று வரும். முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் அலுமினியம் என்றால் இன்னும் மோசம்.

பிரேக்கையும் பாருங்கள். 25ல் இருந்து 33க்குப் போனால் நிறுத்த வேண்டிய ஆற்றல் ஒன்றே முக்கால் மடங்கு. சட்டமும் இருக்கிறது: ஐரோப்பிய ஒன்றியத்தில் 250 வாட்டும் 25 கிலோமீட்டரும்தான் எல்லை, தாண்டினால் அது சைக்கிள் கணக்கிலேயே வராது, பல நாடுகளில் இதேபோல ஏதாவது ஒரு எல்லை உண்டு. காப்பீடு, விபத்து என்று வரும்போதுதான் இது கடிக்கும்.

நான் இப்போது அந்த 25 ஆம்ப் கண்ட்ரோலரை செட்டிங்கில் 20 ஆம்பாகக் குறைத்து ஓட்டுகிறேன். 48 வோல்ட்டில் 960 வாட், போதும். உங்கள் நிலையில் நான் இருந்தால் முதலில் பேட்டரி ஸ்டிக்கரில் பிஎம்எஸ் எத்தனை ஆம்ப் என்று பார்ப்பேன். 25 என்று இருந்து செல்லும் நல்ல ரகம் என்றால் வோல்ட்டைத் தொடாமல் 20 ஆம்ப் கண்ட்ரோலர் மட்டும் மாற்றி, டார்க் ஆர்ம் போட்டு, அந்த ஏற்றத்தில் ஏற்றிப் பார்ப்பேன். பேட்டரிச் செலவை அதற்கப்புறம் யோசிக்கலாம்.