கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை

கேள்வி: தனியார் பள்ளி ஆசிரியர் நான். வார இறுதியில் நாடகக் குழு, மாலையில் நடிப்பு வகுப்பு, கூடவே கூத்துக் கலைஞர்களின் பிள்ளைகள் படிக்க உதவும் அறக்கட்டளை. சமாளிக்க முடியவில்லை. பள்ளி வேலையை விட்டுவிடலாமா? பணத்தில் சிக்கல் இல்லை. மனைவியும் அறங்காவலர்தான், காசோலைகளில் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டுத் தந்துவிடுவாள்.

பதில்: வேலையை விடுவது இருக்கட்டும். முதலில் அந்தக் காசோலைகளைக் கிழித்துப் போடுங்கள்.

வங்கியில் இரண்டு கையெழுத்து எதற்கு? ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துப் பார்க்கத்தான். நாளைக்குக் கணக்கு உதைத்தால் அவரும் பதில் சொல்லியாக வேண்டும்; ‘கேட்டார், போட்டேன்’ என்பது எடுபடாது. கலைக்கு உதவக் கிளம்பியவர், கட்டிய மனைவியை விவரம் தெரியாத பொறுப்பாளியாக நிறுத்துவது தவறு. இதை மென்று விழுங்கிச் சொல்ல எனக்கு மனமில்லை.

எங்கே வழுக்கும் தெரியுமா? அரங்கத்துக்கு முன்பணம் கட்ட வேண்டும். டிக்கெட் பணமோ பிறகுதான் வரும். நடுவில் அறக்கட்டளையிலிருந்து கைமாற்றாக எடுப்பீர்கள். தடுக்க ஆளில்லை, கையெழுத்துதான் தயாராக இருக்கிறதே! அறங்காவலரே அப்படி எடுத்துக்கொண்டால் வரிவிலக்குக்கே ஆபத்து.

மூன்றுக்கும் தனித்தனி வங்கிக் கணக்கு வையுங்கள். வகுப்புக் கட்டணம் உங்கள் சொந்த வருமானம். நன்கொடையை 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்காதீர்கள், கொடுத்தவருக்கு வரிச்சலுகை கிடைக்காது. அறக்கட்டளை வருமானத்தில் ஆண்டுக்கு 85 சதவீதம் அறப்பணிக்குச் செலவாக வேண்டும். மார்ச் மாதத்தில் விழித்துக்கொண்டு அவசரமாகச் செலவழிக்காதீர்கள். ஜூனில் கல்விக் கட்டணம் கட்டும்போதே பள்ளியின் கணக்கில் நேரடியாகச் செலுத்தி, ரசீதைக் கோப்பில் வையுங்கள். குடும்பத்துக்கு வெளியே ஒருவரை, முடிந்தால் ஒரு கூத்துக் கலைஞரையே, அறங்காவலராகச் சேருங்கள். மனைவிக்கு இதில் விருப்பம் உண்டா என்று கேட்டீர்களா? உண்டென்றால் ஒவ்வொரு செலவுச் சீட்டையும் பார்த்த பிறகு கையெழுத்திடட்டும். இல்லையென்றால் முறைப்படி விலக விடுங்கள்.

நாடகமும் வாத்தியார் வேலையும் ஒட்டாதவை அல்ல. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் பால சபை என்ற சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கி, சிறுவர்களுக்குப் பாட்டும் வசனமும் சொல்லிக்கொடுத்துத்தான் மேடையேற்றினார். குறைக்க வேண்டியது மாலை வகுப்பை. புது நாடகத்துக்கு எட்டு வாரம் ஒத்திகை என்றால் அந்த எட்டு வாரமும் வகுப்பே வேண்டாம். களைத்துப்போன ஆசிரியர் நடித்துக் காட்டிவிட்டு ‘இப்படிச் செய்’ என்பார். பிள்ளைகள் அவரைப் போலச் செய்யத்தான் கற்பார்கள், நடிக்க அல்ல.

பள்ளிச் சம்பளத்தை விடும் பேச்சு, ஓராண்டுக் குடும்பச் செலவு தனியாகச் சேர்ந்த பிறகு வரட்டும். அதையும் மனைவியிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.