கணினி கேள்வி–பதில்: எல்எஸ் காட்டும் ஃபோல்டர், சிடி போனால் இல்லையா?

கேள்வி (வாசகர், நாகர்கோவில்): பழைய மேக்கில் டார் (tar, பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் கட்டளை) போட்டு எடுத்ததை லினக்ஸில் பிரித்தேன். எல்எஸ் (ls, உள்ளதைப் பட்டியலிடும் கட்டளை) கொடுத்தால் ‘தோவாளை’ ஃபோல்டர் தெரிகிறது. அதே பெயரை டைப் செய்து சிடி (cd, ஃபோல்டருக்குள் போகும் கட்டளை) கொடுத்தால் அப்படி ஒன்று இல்லை என்கிறது. டிஸ்க் போச்சா?

பதில்: டிஸ்க்குக்கு ஒன்றுமில்லை, வில்லங்கம் ‘தோ’வில். நீங்கள் டைப் செய்தது த, ோ, வ, ா, ள, ை என ஆறு குறியீடு (எழுத்துக்கும் துணைக்குறிக்கும் யூனிகோடு தரும் தனித்தனி எண்). அவற்றைப் பைட்டாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தலைக்கு 3 பைட், ஆக 18. பழைய மேக்கின் கோப்பு முறைமையான (டிஸ்கில் கோப்புகளை அடுக்கும் முறை) எச்எஃப்எஸ் பிளஸ், ோ-வை ே, ா என்று பிரித்துத்தான் எழுதும். அது 21 பைட். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

லினக்ஸின் மையமான கெர்னல் எழுத்தைப் பார்ப்பதில்லை, பைட்டைத்தான் பார்க்கிறது. 64 பிட் இன்டெல் கணினியில் பாதையை எட்டெட்டு பைட்டாக அள்ளி, சாய்கோடோ முடிவோ வரும்வரை ஹாஷ் (பெயரிலிருந்து கணக்கிடும் சுருக்க எண்) போடும்; உங்கள் பெயருக்கு 8, 8, மிச்சம் 2. தாய் ஃபோல்டரின் டென்ட்ரி (நினைவகத்தில் கெர்னல் வைத்திருக்கும் பெயர்க் குறிப்பு) முகவரியும் அதில் கலக்கும் (2016இல் வந்த லினக்ஸ் 4.8 முதல்). 32 பிட் ஹாஷும் நீளமும் சேர்ந்து ஒரே 64 பிட் எண். டென்ட்ரிகளின் தற்காலிகச் சேமிப்பான டிகேஷில் அந்த எண் பொருந்தினால்தான் பெயரையே ஒப்பிடும். 18, 21 என்றால் நீளத்திலேயே அடிபட்டுவிடும். பிறகு லினக்ஸின் கோப்பு முறைமையான எக்ஸ்ட்4 டிஸ்கில் தேடும். அதற்கும் பைட்தான் கணக்கு. ‘இல்லை’ என்ற விடையும் நெகட்டிவ் டென்ட்ரியாகத் தங்குவதால், மறுபடி கேட்டால் இன்னும் சீக்கிரம் கைவிரிக்கும்.

சோதிக்க, எல்எஸ் -டி த* வெளியீட்டை, பைட்டை எண்ணும் டபிள்யூசி -சி-க்கு அனுப்புங்கள் (ls -d த* | wc -c). அந்த ஒரு ஃபோல்டர் மட்டும் சிக்கினால், 22 வந்தால் பிரிந்த வடிவம், 19 என்றால் சேர்ந்தது (வரி முடிவுக்கு 1). மொத்தமாக மாற்ற, கோப்புப் பெயர்களின் குறியீட்டை மாற்றும் கான்வ்எம்வி (convmv) போதும்: இரு பக்கமும் யூடிஎஃப்-8, கூடவே என்எஃப்சி (--nfc, பிரிந்ததைச் சேர்க்கும் வடிவம்). முதலில் ஒத்திகைதான் காட்டும். நோடெஸ்ட் (--notest) சேர்த்தால்தான் பெயர் மாறும்.

‘பௌர்ணமி’யை ெ, ள போட்டு ‘பெளர்ணமி’ என்று அடித்திருந்தால் கான்வ்எம்வியால் ஆகாது. யூனிகோடுக்கு அவை வெவ்வேறு சொற்கள். கையால்தான் திருத்த வேண்டும்.

கேள்வி (வாசகர், மார்த்தாண்டம்): பெயருக்கு 255 எழுத்து என்கிறார்கள்; நூறு எழுத்துக்கே ஏன் மறுக்கிறது?

பதில்: 255 என்பது பைட். தமிழில் 85 குறியீடுதான். புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் கணக்கு. ‘கன்னியாகுமரி’ ஏழெழுத்து, ஆனால் 12 குறியீடு, 36 பைட்.