தாத்தா வீட்டுப் பரணில் கிடைத்த பழைய மிலிட்டரி ரைஃபிள் எங்கே செய்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வியில் உள்ள விவரம் இவ்வளவுதான்: வீடு ராயபுரத்தில். போல்ட் (தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் தண்டு) கைப்பிடிக்குக் கீழே, தோளில் வைக்கும் பின்கட்டை செருகியிருக்கும் இரும்புக் கழுத்தில் கிரீடம், ஜி.ஆர்.ஐ., தேய்ந்துபோன ஓர் ஊர்ப் பெயர், 1942. கட்டையில் டி.பி. என்ற எழுத்தும் வெள்ளை வளையமும். பேரலின் பின்பகுதியில் பக்கவாட்டில் ஒரு துளை. "இது இங்கிலாந்தில் செய்ததா?"

இல்லை, இந்தியாவில் செய்தது. கொல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில் உள்ள இஷாப்பூர் ரைஃபிள் ஃபேக்டரியின் .303 லீ என்ஃபீல்டு இது. அந்த 'ஐ' எழுத்தே போதும். ஜார்ஜ் மன்னர் இந்தியாவுக்குப் பேரரசர் என்பதால் இங்கே ஜி.ஆர்.ஐ. (ஜார்ஜ் ரெக்ஸ் இம்பரேட்டர்) என்று அடித்தார்கள். இங்கிலாந்தின் என்ஃபீல்டு, பி.எஸ்.ஏ. தொழிற்சாலைத் துப்பாக்கிகளிலும் ஆஸ்திரேலியாவின் லித்கோ துப்பாக்கியிலும் வெறும் ஜி.ஆர். மட்டும் இருக்கும். வருடத்துக்குக் கீழே மூன்று கோடுகளும் ஒரு நட்சத்திரமும் தெரிந்தால் அது மார்க் 3 நட்சத்திரம், முதல் உலகப் போரில் வேலையைக் குறைத்து எளிமையாக்கிய மாடல். குடியரசான பிறகு இஷாப்பூரில் கிரீடத்துக்குப் பதில் அசோகச் சிங்கம் வந்தது.

மேற்கொண்டு பார்க்குமுன் உள்ளே தோட்டா இருக்கிறதா என்று பாருங்கள். முதலில் போல்ட்டைத் தூக்கிப் பின்னால் இழுங்கள், அதன் பிறகுதான் மேகசின் என்ற தோட்டாப் பெட்டி. ஏனென்றால் மேகசின் கொக்கி விசைக் கூட்டுக்கு உள்ளேயே, விசைக்கு முன்னால் இருக்கிறது. அதைத் தடவும்போது விரல் விசையில் படும். போல்ட் துருப்பிடித்து இறுகியிருந்தால் சுத்தியலால் தட்ட வேண்டாம், அப்படியே விடுங்கள். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் உப்புக்காற்றால் இப்படி இறுகுவது சகஜம். தோட்டா இருந்தால் எதையும் தொடாமல் போலீசுக்குச் சொல்லுங்கள்.

அடுத்து முத்திரைகள். பழைய துப்பாக்கியைக் கெடுப்பது துருவைவிட அதிகமாக உப்புத்தாள்தான். ஒரு தேய் தேய்த்தாலே ஆழமில்லாத சின்ன முத்திரைகள் போய்விடும். பின்கட்டையின் அடித்தகடு பித்தளை என்று புளி போட்டு விளக்கவும் கூடாது. பருத்தித் துணியில் மண்ணெண்ணெய் தொட்டு ஊறவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தால் போதும். காய்ந்ததும் சாக்பீஸ் பொடியைத் தடவித் துடையுங்கள், எழுத்துப் பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் தாழ்த்தி அடித்தால் தேய்ந்த ஊர்ப் பெயரும் எழும்பித் தெரியும்.

கழுத்தில் உள்ள முத்திரை, போல்ட் ஓடும் அந்த இரும்புக் கூடு எங்கே பிறந்தது என்பதை மட்டுமே சொல்லும். மற்ற பாகங்கள் வேறு துப்பாக்கியிலிருந்து வந்திருக்கலாம். அதனால் சீரியல் நம்பரை நாலு இடத்தில் ஒப்பிடுங்கள்: போல்ட் கைப்பிடியின் பின்புறம், பேரல் நுழையும் இடத்தில் கூட்டின் வலப்பக்கம், பேரலின் பின்பகுதி, பேரல் முனையை மூடும் இரும்புக் கவசத்தின் அடிப்பக்கம். நாலும் ஒன்றானால் பெரிய மாற்றம் இல்லாமல் வந்தது. போல்ட் நம்பர் மட்டும் வேறு என்றால் பிறகு மாற்றியது. முன்கட்டையில் குறுக்காக ஒரு திருகாணி ஓடுகிறதா என்றும் பாருங்கள். மரம் பிளக்காமல் இருக்க இஷாப்பூரில் போட்ட வலுவூட்டல் அது.

டி.பி. என்றால் டிரில் பர்ப்பஸ். அணிவகுப்புப் பழக மட்டும் ஒதுக்கிய துப்பாக்கி. சுடக்கூடாது என்றுதான் தோட்டா அறையைத் துளைத்திருக்கிறார்கள். 1948இல் தொடங்கிய என்.சி.சி.யிலும் இப்படிப்பட்ட டி.பி. ரைஃபிள்களில்தான் பிள்ளைகள் பழகினார்கள். உங்கள் பகுதிக்கு இன்னொரு வழியும் உண்டு. பெரம்பூர் ஒர்க்‌ஷாப்பை நடத்திய மெட்ராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வேக்கு, வெள்ளைக்காரரும் ஆங்கிலோ இந்தியரும் சேர்ந்த துணைப்படையில் தனி ரைஃபிள் பிரிவு இருந்தது. பின்கட்டையின் வலப்பக்கத்தில் பித்தளை வில்லையோ அடித்தகட்டில் பொறித்த எழுத்தோ இருந்தால் அதில் படைப்பிரிவின் பெயர்ச் சுருக்கம் கிடைக்கும். ஊர் வரலாறு தேடுபவருக்கு இதைவிட மதிப்புள்ள இடம் அந்தத் துப்பாக்கியில் இல்லை.

அம்பு முத்திரை அரசாங்கச் சொத்து என்பதன் அடையாளம். அதோடு 'ஐ' இருந்தால் இந்தியா, 'சி'க்குள் இருந்தால் கனடா. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டி நின்றால் ராணுவம் கழித்து விற்றது என்று அர்த்தம்.

இதே கேள்வியோடு வருகிற மற்றவர்களுக்கு: பேரலுக்குள் டார்ச் அடித்தால் ரைஃபிளுக்குரிய சுழல் வரிகளே இல்லாமல் வழவழவென்று இருந்து, முனையை வெர்னியரில் அளந்தால் 7.7 மில்லிமீட்டருக்குப் பதில் 10.4 பக்கம் வந்தால், அது .303ஐக் குடைந்து போலீசுக்காகச் செய்த .410 மஸ்கட். மேகசின் சதுரமாக இருந்து தூரம் வைத்துக் குறிபார்க்கும் பின்குறியில் 2000 கஜத்துக்குப் பதில் 800 வரைதான் எண் இருந்தால், 1960களின் இஷாப்பூர் 7.62. விக்டோரியாவின் வி.ஆர். எழுத்தும் 1901க்குப் பிந்தைய வருடமும் சேர்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம், கைபர் கணவாய்ப் பக்கத்து எல்லைப்புறப் பட்டறைப் போலி. ராணி அந்த வருட ஜனவரியிலேயே இறந்துவிட்டார்.

துளை இருப்பதால் சட்டத் தொல்லை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 1959 ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்குத் தருவது, பழுது பார்த்தாலும் சுட முடியாத பழைய ஆயுதத்துக்குத்தான். அது இதற்குப் பொருந்துமா என்று நீங்களோ நானோ தீர்மானிக்க முடியாது. லேத் பட்டறையில் கொடுத்துத் துளையை அடைப்பது பெரிய குற்றத்தில் கொண்டுபோய் விடும். பழைய இரும்புக் கடையிலும் போடாதீர்கள். பைக்கில் தூக்கிக்கொண்டு போகாமல், ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லி அவர்களை வரச் சொல்லுங்கள். 21ஆம் பிரிவின்படி ஒப்படைத்து, சீரியல் நம்பர் எழுதிய ரசீது வாங்குங்கள். அதற்கு முன்பே கழுத்தின் இரண்டு பக்கம், பேரலின் பின்பகுதி, போல்ட், முனைக் கவசத்தின் அடி, பின்கட்டையின் வலப்பக்கம், பித்தளைத் தகடு எல்லாவற்றையும் ஸ்கேல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக் கிட்டத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே போடும்போது சீரியல் நம்பரின் கடைசி மூன்று எண்களை மட்டும் மறைத்துவிடுங்கள்.