'பிலை' (belie) என்னும் ஆங்கில வினை: கேள்வி பதில்

கிளிநொச்சி மாணவி: 'ஹிஸ் ஸ்மைல் பிலைட் ஹிஸ் ஆங்கர்' என்று வாசித்தேன், சேர். சிரிப்பு கோபத்தைக் காட்டிக்கொடுத்தது என்பதா பொருள்?

பதில்: இல்லைப் பிள்ளை, நேர்மாறான பொருள். உள்ளே கோபம் இருந்தது. சிரிப்போ அப்படி ஒன்றும் இல்லை என்று காட்டியது. காட்டிக்கொடுப்பதற்கு 'பிட்ரே' (betray) என்று வேறொரு சொல் உண்டு. உங்கள் வீட்டு வயலையே எண்ணிப்பாருங்கள். வரம்பில் நின்று பார்க்கும்போது வயல் மஞ்சளாக விளைந்து தெரியும். இறங்கிப்போய் ஒரு நெல்லை நகத்தால் நெரித்தால் அரிசி இராது, வெறும் உமி மடங்கும். அந்த மஞ்சள் நிறம் உள்ளே இருக்கும் சப்பியை 'பிலை' செய்கிறது.

மாங்குளம் வாசகர்: பொய்யென்று காட்டுதல் என்றும் அகராதி சொல்கிறதே, ஐயா?

பதில்: அதுவும் சரியே. அதே வயலில், மணி பிடித்த கதிர் பாரத்தால் தலை சாய்ந்திருக்க, சப்பிக் கதிர் நிமிர்ந்து நிற்கும். அந்த நிமிர்வு மஞ்சள் நிறம் சொன்னதைப் பொய்யாக்குகிறது, ஆகவே அதுவும் 'பிலை' செய்வதுதான். முதற்பொருளில் எழுவாய் பொய் சொல்கிறது. இரண்டாவதில் எழுவாய் பொய்யை வெளிப்படுத்துகிறது. எது உண்மை என்பதை வாக்கியத்தின் சூழலே தீர்மானிக்கும் என்பதால், தனி வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்வது இச்சொல்லுக்கு உதவாது.

முல்லைத்தீவு மாணவன்: இச்சொல் எங்கிருந்து வந்தது, சேர்?

பதில்: பழைய ஆங்கிலத்தில் 'லேயோகன்' என்றால் பொய் சொல்லுதல். அதன் முன் 'பெ' சேர்ந்து 'பெலேயோகன்' ஆனபோது, பொய் சொல்லி ஏமாற்றுதல் என்று பொருள்பட்டது. புலம்புதலைக் குறிக்கும், செயப்படுபொருள் ஏற்காத 'மோன்' (moan), அதை ஏற்கும் 'பிமோன்' (bemoan) ஆவதும் இந்த முன்னொட்டால்தான். ஜெர்மன் மொழியில் 'பெல்யூகென்' இன்றும் ஒருவரிடம் பொய் சொல்லுதலையே குறிக்கிறது. ஆங்கிலத்திலோ ஒருவரைப் பற்றிப் பொய் பேசுதல், அவதூறு செய்தல் என்ற பொருளும் இருந்து, பின்னர் வழக்கொழிந்தது. 1609இல் அச்சான ஷேக்ஸ்பியரின் 130ஆம் சொனெட் என்னும் பதினான்கு வரிக் கவிதையில், பொய்யான உவமைகளால் தவறாகச் சித்திரிக்கப்பட்ட பெண்களைப் பற்றிச் சொல்லும் இடத்தில் இச்சொல் வருகிறது. மனிதர் வாயால் சொன்ன பொய்யைக் குறித்த சொல், முகமும் நிறமும் தோற்றமும் சொல்லும் பொய்யையும் குறிக்க வளர்ந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

நெடுங்கேணி மாணவி: படுத்தலைக் குறிக்கும் 'லை'யோடு (lie) இதற்குத் தொடர்பு உண்டா?

பதில்: இல்லை, அதன் வேர் வேறு. ஆகவே இறந்தகாலம், அந்த 'லை' 'லே' ஆவதுபோல் மாறாமல், 'பிலைட்' மட்டுமே.

வவுனியா வாசகர்: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

பதில்: மழை பொய்த்தது என்று நாம் சொல்கிறோம், ஆனால் இன்றைய வழக்கில் 'பொய்த்தல்' பெரும்பாலும் செயப்படுபொருளை ஏற்காது. இரண்டாம் பொருளுக்குப் 'பொய்யாக்குதல்' அளவாகப் பொருந்தும். முதற்பொருளுக்கு ஒரே சொல்லைத் தேடி இடர்ப்படாமல், 'உள்ளதற்கு மாறாகக் காட்டுதல்' என்று விரித்து எழுதுவதையே நான் விரும்புவேன்.