பியானோவின் மூடியைத் திறந்தே வையுங்கள்

அன்புள்ள ஐயா,

நான் 14 வருடமாக டிரம்பெட் வாசிக்கிறேன். பெரும்பாலும் குழுவோடுதான், தனியாக மேடையேறியது குறைவு. இன்னும் மூன்று மாதத்தில் ஒரு கச்சேரியில் ஜெர்மன் இசையமைப்பாளர் பால் ஹிண்டமித்தின் டிரம்பெட்–பியானோ சொனாட்டாவை (மூன்று பகுதி கொண்ட படைப்பு) வாசிக்க ஒப்புக்கொண்டிருக்கிறேன். முதலில் தாளைப் புரட்டியபோது பயமுறுத்தும் வேகமாக எதுவும் கண்ணில் படவில்லை. சமாளித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். இப்போது தூக்கமே போய்விட்டது.

முதல் பகுதியை முடிக்கும்போதே உதடு தடித்துவிடுகிறது. மூன்றாம் பகுதியின் முடிவில் வரும் அந்தப் பழைய ஜெர்மன் தேவாலயப் பாடலை எட்டும்போது ஒலிக்குப் பதில் காற்றுதான் வருகிறது. பியானோ வாசிக்கும் தோழிக்கும் எனக்கும் முதல் பகுதியில் அடிக்கடி தாளம் பிரிந்துபோகிறது. அவர் வாசிப்பது அவ்வளவு கனமாக இருக்கிறது. என் சத்தம் அதில் மூழ்கிவிடுகிறது என்று பியானோவின் மூடியைச் சாத்தச் சொல்லிவிட்டேன். அவருக்கு அதில் வருத்தம். உண்மையைச் சொன்னால், இந்த இசையே எனக்கு வறண்டதாக இருக்கிறது. மனதில் ஒட்டவில்லை. இதை விட்டுவிட்டு இனிமையான வேறொன்றை எடுத்துக்கொள்ளலாமா? நீங்கள் இதை மேடையில் வாசித்தவர் என்பதால் கேட்கிறேன்.

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

விடாதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமையானது வேண்டுமென்றால் ருமேனிய இசையமைப்பாளர் எனெஸ்கு டிரம்பெட்டுக்கும் பியானோவுக்குமாக 1906இல் எழுதிய 'லெஜாந்த்' இருக்கிறது, அருமையான படைப்பு. ஆனால் அதை எளிது என்று வாசித்த யாரும் சொல்ல மாட்டார்கள். தப்பித்துப் போக அது வழியில்லை.

உதடு, தாளம், வறட்சி என்று மூன்று குறை சொல்லியிருக்கிறீர்கள். மூன்றும் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதாகத்தான் எனக்குப் படுகிறது. நீங்கள் சாத்தச் சொன்னீர்களே, அந்த மூடி, அதுதான் அந்த இடம். பியானோவைப் பக்கவாத்தியமாக வைத்துக்கொண்டு இந்த சொனாட்டாவை வாசிக்கப் பார்க்கிறீர்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

முதல் தடவை மேடையில் எனக்கும் அந்தத் தேவாலயப் பாடலில்தான் கைவிட்டுப் போனது. ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்க வேண்டும். மூச்சு எடுத்தேன், உதட்டை வைத்தேன், ஊதினேன். குழாய்க்குள் காற்று போகிற சத்தம் மட்டும் கேட்டது. பியானோ வாசித்தவர் நிறுத்தவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை. இடது கையைத் துளி நிதானமாக்கி, எனக்கு ஒரு மூச்சுக்கு இடம் கொடுத்து, அடுத்த இடத்தில் என்னை ஏற்றிக்கொண்டார். கீழே இறங்கியதும் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "முதல் பகுதி முழுக்க என்னோடு மல்லுக்கட்டிக் கையிருப்பையெல்லாம் செலவழித்துவிட்டீர்கள்."

அது உண்மை. முதல் பகுதியின் தலையில் ஹிண்டமித் எழுதியிருப்பது 'மிட் கிராஃப்ட்'. பலத்தோடு என்று பொருள். நாமோ அதைச் சத்தமாக என்று படித்துவிடுகிறோம். எதிரே பியானோ கனமான கோர்டுகளை (ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளை) அடுக்கும்போது அதை மீறிக் கேட்க வேண்டும் என்ற வேகம் வந்துவிடுகிறது. வந்த நொடியே மவுத்பீஸை, அதாவது ஊதும் முனையை, உதட்டில் அழுத்தத் தொடங்குகிறோம். அழுத்தினால் உதட்டில் ரத்த ஓட்டம் குறைகிறது, சுற்றியுள்ள தசை சீக்கிரம் களைக்கிறது. களைத்ததை ஈடுகட்ட இன்னும் அழுத்துகிறோம். மொத்தம் ஏறத்தாழ 15 நிமிடப் படைப்பு இது. அதில் ஐந்தாவது நிமிடத்திலேயே இப்படி மாட்டிக்கொண்டால் மீதிக்கு என்ன இருக்கும்? மூன்றாம் பகுதி மட்டுமே கிட்டத்தட்டப் பாதி நேரம் ஓடும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

ஆகவே முதல் வேலை, மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். முழுதாக. தோழியிடம் ஒரு வார்த்தை வருத்தமும் தெரிவித்துவிடுங்கள். பிறகு நீங்கள் நிற்கும் இடத்தை மாற்றுங்கள். பியானோவின் வளைவுக்குள் வந்து, அவருடைய இடது கை உங்கள் காதில் தெளிவாக விழுகிற இடமாகப் பார்த்து நில்லுங்கள். டிரம்பெட்டின் வாய் கேட்பவர்கள் பக்கம் இருந்தால் போதும். டிரம்பெட்டின் ஒலி நேராகப் பாய்வது, எந்தப் பியானோவும் அதை அவ்வளவு சுலபத்தில் மூடிவிட முடியாது. மூழ்கிப்போவதாக வாசிப்பவருக்குத்தான் தோன்றும். நம்பிக்கை வராவிட்டால் யாரையாவது கடைசி வரிசையில் உட்கார வைத்துக் கேளுங்கள்.

அடுத்த ஒரு வாரத்துக்கு டிரம்பெட்டைப் பெட்டியிலேயே வையுங்கள் என்று சொல்லத்தான் ஆசை. தசைப் பழக்கம் விட்டுப்போகும் என்பதால் சொல்லவில்லை. ஆனால் தோழியோடு உட்காரும் அடுத்த மூன்று தடவையும் டிரம்பெட் வேண்டாம். பியானோ பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். அவர் இடது கையை மட்டும் வாசிக்கட்டும். உங்கள் பகுதியை நீங்கள் வாயால் பாடுங்கள். குரல் நன்றாக இருக்க வேண்டியதில்லை, சுருதி சரியாக இருந்தால் போதும். பி பிளாட் டிரம்பெட் என்பதால் உங்கள் தாளில் சி என்று இருப்பது பியானோவில் பி பிளாட்டாகத்தான் கேட்கும், பாடும்போது அதில் தடுமாறாதீர்கள். அப்புறம் வலது கை மட்டும். பிறகு இரண்டும்.

உங்களுக்கு எட்டு பார் (தாளச் சுற்று) ஓய்வு என்று தாளில் போட்டிருந்தால், ஒன்று இரண்டு என்று எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். அந்த எட்டு பாரில் பியானோ என்ன சொல்கிறதோ அதை மேலே பென்சிலில் சின்னதாக எழுதிக்கொள்ளுங்கள். என் தாளில் இன்றைக்கும் அந்தப் பென்சில் எழுத்து இருக்கிறது. ஓரங்கள் மங்கிவிட்டன, ஒரு பக்கத்தில் டிரம்பெட்டிலிருந்து சொட்டிய நீர் பட்டு ஊறியிருக்கிறது. ஆனால் அதை எழுதிய பிறகு எனக்கு ஒரு இடத்தில்கூடத் தாளம் பிரியவில்லை. எண்ணிக்கொண்டு காத்திருப்பவர் எப்படியும் ஒரு கணம் முன்னேயோ பின்னேயோதான் நுழைவார். கேட்டுக்கொண்டிருப்பவருக்கு நுழைய வேண்டிய இடம் தானாகத் தெரியும்.

சரி, வறட்சிக்கு வருகிறேன். இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவில் உள்ள தூரத்தைத்தான் இடைவெளி என்கிறோம். ஹிண்டமித்தின் மெட்டுகள் நாலாம், ஐந்தாம் இடைவெளிகளை நம்பி நிற்பவை. 1937இல் வெளியான தம் இசையமைப்பு நூலில் அவர் இடைவெளிகளைப் பலத்தின் வரிசையில் அடுக்கினார். எண்மத்துக்கு (ஆக்டேவ்) அடுத்து ஐந்தாம் இடைவெளி, அதற்கடுத்து நாலாம் இடைவெளி. நாம் கேட்டு வளர்ந்த மேற்கத்திய மெட்டுகளில் மூன்றாம் இடைவெளிதான் குழைவைத் தருகிறது. அது பின்னால் தள்ளப்படும்போது முதலில் கல்லைத் தொடுகிற மாதிரி இருக்கும். இன்னொரு சங்கடமும் உண்டு. மூன்று வால்வையும் விட்டுவிட்டு ஊதினாலே டிரம்பெட்டில் சி, ஜி, மேல் சி, ஈ, ஜி என்று ஏறிக்கொண்டே போகலாம். விரல் மாறுவதில்லை, உதடும் மூச்சும்தான் மாறுகின்றன. ஆக ஒரு நாலாம் இடைவெளித் தாவலில் அடுத்த ஸ்வரம் காதுக்குள் முன்கூட்டியே கேட்காவிட்டால் உதடு தேடிப் போகும். அப்படித் தேடுகிற சத்தம்தான் உங்களுக்கே வறட்சியாகக் கேட்கிறது. மேலே சொன்ன பாடும் பயிற்சி இதற்கும் மருந்து.

ஆனால் இடைவெளிக் கணக்கோடு இதை விட்டுவிட எனக்கு மனமில்லை. இந்த சொனாட்டா எழுதப்பட்ட வருடம் 1939. அதற்கு மூன்று வருடம் முன்பே ஜெர்மனியில் நாஜி அரசு அவருடைய இசையை மேடையேற்றத் தடை போட்டிருந்தது. 1938இல் டுசெல்டோர்ஃபில் 'சீரழிந்த இசை' என்று பெயர் வைத்து ஒரு கண்காட்சி நடத்தி அவரையும் அதில் நிறுத்தினார்கள். அவருடைய மனைவி யூத வம்சாவளி. அந்த வருடமே இருவரும் சுவிட்சர்லாந்துக்குப் போய்விட்டார்கள். அங்கே இருந்துகொண்டு 1939இல் மட்டும் வயலின், வயோலா, கிளாரினெட், ஹார்ன், ஹார்ப், டிரம்பெட் என்று அடுத்தடுத்து சொனாட்டா எழுதினார். செப்டம்பரில் போர் தொடங்கியது. டிரம்பெட் சொனாட்டா அதற்குப் பிறகு எழுதப்பட்டது. 1940 தொடக்கத்தில் அவர் அமெரிக்காவுக்குக் கப்பலேறிவிட்டார்.

இப்போது மூன்றாம் பகுதியைப் பாருங்கள். 'டிராவர்மூசிக்', துக்க இசை. அதன் முடிவில் வரும் பாடல் 17ஆம் நூற்றாண்டின் லூத்தரன் தேவாலயப் பாடல், 'எல்லா மனிதரும் இறந்தே ஆக வேண்டும்' என்பது அதன் முதல் வரி. மேடையில் யாரும் அதைப் பாடுவதில்லை. மெட்டை மட்டும் நீங்கள் ஊதுகிறீர்கள், சொற்கள் மெட்டுக்குள் இருக்கின்றன. இப்படி முடிப்பது அவருக்குப் புதிதும் இல்லை. 1936 ஜனவரியில் இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் இறந்தபோது, லண்டனில் இருந்த ஹிண்டமித் ஒரே நாளில் வயோலாவுக்கும் தந்திக் குழுவுக்குமாக ஒரு துக்க இசை எழுதினார். அதையும் ஒரு தேவாலயப் பாடலில்தான் முடித்தார். அது ஒரு மன்னருக்கு. இது யாருக்கு என்று அவர் தாளில் எழுதவில்லை. போர்க்களத்தில் உத்தரவு ஊதிய வாத்தியத்தின் கையில், போர் மூண்ட வருடத்தில், 'மிக அமைதியாக' என்று குறிப்பு எழுதி இந்தப் பாடலைக் கொடுத்திருக்கிறார். எனக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது. முதல் பகுதியின் பலம் எதற்கு என்பதும் இங்கிருந்து திரும்பிப் பார்க்கும்போதுதான் எனக்குப் புரிந்தது.

அதனால் சொல்கிறேன், கடைசியிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு நாளும் முதலில் வாசிக்க வேண்டியது அந்தத் தேவாலயப் பாடல். உதடு புதிதாக இருக்கும்போது அது எப்படி ஒலிக்க வேண்டும் என்று உங்கள் காதுக்குத் தெரிந்துவிட வேண்டும். பிறகு துக்க இசையின் தொடக்கம், பிறகு இரண்டாம் பகுதி, கடைசியாக முதல் பகுதி. வாசித்த நேரம் எவ்வளவோ அவ்வளவு நேரம் ஓய்வு. உதடு தடிக்கிறதா, நிறுத்திவிடுங்கள். இந்தப் படைப்பை வைராக்கியத்தால் ஜெயிக்க முடியாது. முழுவதையும் ஒரே மூச்சில் ஓட்டிப் பார்ப்பது வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம்.

இரண்டாம் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. சின்னது, லேசானது. நாக்கைச் சுறுசுறுப்பாக வைத்துக்கொண்டு பியானோவின் பேச்சுக்குப் பதில் பேசுங்கள்.

சுருதிக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். லூசியானோ பெரியோ 1984இல் எழுதிய 'செக்வென்சா 10' என்ற படைப்பில் பியானோ கலைஞர் கட்டைகளைச் சத்தம் வராமல் அழுத்திப் பிடித்திருப்பார். டிரம்பெட் கலைஞர் பியானோவுக்குள்ளேயே ஊதுவார், தந்திகள் தாமாக அதிரும். அந்தப் படைப்பு வேறு உலகம், இப்போது அதன் பக்கம் போக வேண்டாம். அந்த உத்தியை மட்டும் கடன் வாங்குங்கள். தோழியை வலது பெடலை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, திறந்த மூடிக்குள் குனிந்து ஒரு ஸ்வரத்தை அமைதியாக ஊதிச் சட்டென்று நிறுத்துங்கள். சுருதி சேர்ந்திருந்தால் பியானோவுக்குள்ளிருந்து உங்கள் ஸ்வரம் திரும்பி வரும், சேராவிட்டால் மங்கலாகத்தான் வரும். தேவாலயப் பாடலின் ஒவ்வொரு ஸ்வரத்தையும் இப்படிச் செய்து பாருங்கள். ஒன்றாம், மூன்றாம் வால்வுகளைச் சேர்த்து அழுத்துகிற கீழ் டி, மூன்று வால்வையும் அழுத்துகிற கீழ் சி ஷார்ப் இரண்டும் இயல்பிலேயே சுருதி ஏறி நிற்பவை. எங்கே வந்தாலும் மூன்றாம் வால்வின் ஸ்லைடை (நகரும் குழாயை) வெளியே தள்ள விரலுக்குப் பழக்கம் வேண்டும். நான் முதல் நாள் இதைச் செய்தபோது, பியானோவுக்குள்ளிருந்து வந்த அந்த மெல்லிய பதிலைக் கேட்டு மறுபடி ஊதத் தோன்றாமல் அப்படியே நின்றுவிட்டேன்.

கேட்பதற்கு ஒரு ஒலிப்பதிவும் சொல்கிறேன். பியானோ மேதை கிளென் கூல்ட் 1970களில் ஹிண்டமித்தின் பித்தளை வாத்திய சொனாட்டாக்கள் அனைத்தையும் பதிவு செய்தார். டிரம்பெட் சொனாட்டாவில் அவரோடு வாசித்தவர் கில்பர்ட் ஜான்சன். முதல் இரண்டு தடவை ஜான்சனைக் கவனிக்காமல் பியானோவை மட்டும் கேளுங்கள். அவ்வளவு பெரிய பியானோ கலைஞர் இந்தப் பகுதிகளைத் தேடி வந்து வாசித்தது ஏன் என்று தெரியும். உங்கள் தோழிக்கும் போட்டுக் காட்டுங்கள், அவருக்குச் சந்தோஷமாக இருக்கும்.

மேடையில் இரண்டாம் பகுதி முடிந்ததும் அவசரப்படாதீர்கள். குழாயில் சேர்ந்த நீரை நிதானமாக வடித்துவிட்டு, மவுத்பீஸை உதட்டிலிருந்து எடுத்து, இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சு விடுங்கள். கேட்பவர்கள் காத்திருப்பார்கள். பிறகு தோழியைப் பாருங்கள், அவர் தயாரானதும் தொடங்குங்கள். எல்லாம் முடிந்த பிறகும், அவர் பெடலிலிருந்து காலை எடுக்கும் வரை டிரம்பெட்டைக் கீழே இறக்க வேண்டாம்.

அன்புடன்.