வாசகர் கேள்வி – பதில்: ஸ்டீயரிங் கோணங்கள்

கேள்வி: முன் அச்சு ஒரே தண்டாக உள்ள சிறு வண்டி ஒன்றை வடிவமைக்கிறோம். கிங்பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சாணி) இடைவெளி 1300 மி.மீ., வீல்பேஸ் (முன், பின் அச்சுகளின் இடைவெளி) 2500 மி.மீ., ஸ்டீயரிங் ஆர்ம் (சக்கரத்தைத் திருப்பும் கை) 150 மி.மீ. இரண்டு ஆர்ம்களையும் பின் அச்சின் நடுப்புள்ளியை நோக்கி வைத்துவிட்டோம். ஆனாலும் வளைவில் முன் டயர்கள் தரையில் உரசுகின்றன. ஏன்?

பதில்: நீங்கள் பின்பற்றிய விதி முதல் கோடு போடத்தான் உதவும். அதையே முடிவாகக் கொள்வதால்தான் டயர்கள் வீணாகின்றன.

டயர் உரசாமல் வளைய, வெளிச் சக்கரக் கோணத்தின் கோடேன்ஜென்ட்டிலிருந்து உள் சக்கரக் கோணத்தின் கோடேன்ஜென்ட்டைக் கழித்தால், கிங்பின் இடைவெளியை வீல்பேஸால் வகுத்த எண் வர வேண்டும். உங்கள் வண்டிக்கு அது 0.52. உள் சக்கரம் 30 டிகிரி திரும்பும்போது வெளிச் சக்கரம் 23.9 டிகிரி திரும்ப வேண்டும். வண்டியின் நீளவாக்கிலிருந்து உங்கள் ஆர்ம்களின் சாய்வு 14.6 டிகிரி, அதில் 25.8 வருகிறது. கூடுதலாக உள்ள அந்த 2 டிகிரிதான் டயரைப் பக்கவாட்டில் இழுக்கிறது.

சாய்வை 21 டிகிரியாக்கி, டை ராடை (இரு ஆர்ம்களையும் இணைக்கும் தண்டு) 1192.5 மி.மீ. ஆக்குங்கள். 30 டிகிரி வரை பிழை 0.3 டிகிரிக்குள் அடங்கிவிடும். 40 டிகிரியில் நிலைமை வேறு: 30.3 தேவை, கிடைப்பது 29.2. அச்சு, இரு ஆர்ம்கள், டை ராடு சேர்ந்த இந்த நான்கு இணைப்புச் சட்டம் நேராக ஓடும்போதும், ஒவ்வொரு பக்கமும் ஒரே ஒரு கோணத்திலும் மட்டுமே துல்லியமாக இருக்கும். எனவே வண்டி அடிக்கடி திரும்பும் கோணம் எதுவோ, அதற்குப் பொருத்துங்கள். இன்னொரு எச்சரிக்கை: 40 டிகிரியில் உள் ஆர்மும் டை ராடும் ஒரே கோட்டில் வர ஏறக்குறைய 25 டிகிரிதான் மிச்சம். அங்கே டை ராடு முனையிலுள்ள பால் ஜாயின்ட்டின் (பந்து மூட்டு) சிறு ஆட்டமும் சக்கரத்தில் பெரிதாகத் தெரியும். 35 டிகிரியிலேயே ஸ்டாப்பர் வைப்பது நல்லது.

கேள்வி: ரேக் (பல் வெட்டிய தண்டு) ஸ்டீயரிங் உள்ள வண்டி, மேடு பள்ளத்தில் தானாகத் திரும்புகிறது. ரேக்கைச் சக்கரத்துடன் இணைக்கும் டை ராடைச் சரிசெய்தும் பயனில்லை.

பதில்: டை ராடு முனையைச் சுழற்றினால் நேர் நிலையில் உள்ள டோ (மேலிருந்து பார்க்கையில் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) மட்டுமே மாறும்; கோளாறு அப்படியே இருக்கும். ஸ்பிரிங்கைக் கழற்றி, ரேக்கை நடுவில் பூட்டி, சக்கரத்தை 10 மி.மீ. படிகளாக மேலே 50, கீழே 50 நகர்த்தி ஒவ்வொரு படியிலும் டோவைக் குறியுங்கள். மேலே போகும்போது ஒரு பக்கமும் கீழே வரும்போது எதிர்ப்பக்கமும் திரும்பினால், டை ராடு ஜாயின்ட்டின் உயரம் தவறு. ஷிம் (மெல்லிய தகடு) வைத்து ஏற்றியோ இறக்கியோ பாருங்கள். இரு திசையிலும் ஒரே பக்கமாகத் திரும்பினால், டை ராடின் நீளம் சஸ்பென்ஷனுக்குப் பொருந்தவில்லை. ரேக் பக்கமுள்ள உள் ஜாயின்ட்டின் இடத்தை மாற்ற வேண்டும். முதலில் உயரம், பிறகு நீளம். உள் ஜாயின்ட் நகர்ந்தால் இரு சக்கரக் கோணங்களின் வேறுபாடும் மாறும். திருப்புத் தட்டில் (சக்கரம் திரும்பும் கோணத்தைக் காட்டும் தட்டு) வைத்து மறுபடி அளந்துவிடுங்கள்.